புவிவெப்ப மின்சாரம்: வெந்நீர் எங்கே திரும்பிப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு 2025 செப்டம்பரில் தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்ட பிறகு இதுபற்றிய செய்திகளும் கட்டுரைகளும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே எண்தான் தலைகாட்டுகிறது: இந்தியாவின் புவிவெப்ப வளம் 10,600 மெகாவாட். கூடவே இரண்டு அடைமொழிகள், "24 மணி நேரமும் கிடைக்கும்", "தீராதது".

அந்த எண்ணை மின்நிலையக் கொள்ளளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2022-இல் வெளியிட்ட புவிவெப்ப வரைபடத் தொகுப்பில் 381 இடங்கள் பட்டியலாகியுள்ளன. வெந்நீர் ஊற்றுகளின் சூடு, அவற்றின் வேதியியல், ஆழமில்லாத சில துளைகள் ஆகியவற்றை வைத்து, கீழே இவ்வளவு சூடு இருக்கலாம் என்று போட்ட மதிப்பீடுதான் 10,600. ஊர் வங்கியில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் நம் கணக்கிலிருந்து நாம் எடுக்க முடிகிற தொகைக்கும் உள்ள தூரம் இதற்கும் உண்டு. ஒரு புவிவெப்பக் களம் ஓடுமா, ஓடினால் எத்தனை ஆண்டு ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று. வினாடிக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் வருகிறது? அதில் என்னென்ன கரைந்திருக்கிறது? சூட்டை எடுத்த பிறகு அந்த நீர் எங்கே திரும்பிப் போகிறது? கடைசிக் கேள்வியை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை.

முதலில் அளவு. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4.2 கிலோஜூல் வெப்பம் தரும். 120 டிகிரியில் கிணற்றிலிருந்து வரும் நீரை 70 டிகிரி வரை குளிர வைத்தால் கிலோவுக்கு 210 கிலோஜூல். இந்தச் சூட்டில் நீராவி டர்பைன் பயன்படாது. பைனரி வகை நிலையம்தான் சரிப்படும். அதில் கிணற்று நீர் டர்பைன் பக்கமே போவதில்லை. வெப்பப் பரிமாற்றியின் ஒருபுறம் அது ஓட, மறுபுறம் ஐசோபியூட்டேன் அல்லது பென்டேன் போன்ற தாழ்கொதிநிலைத் திரவம் ஆவியாகி டர்பைனைச் சுழற்றி, குளிர்ந்து, மீண்டும் திரவமாகி, பம்பு வழியாகத் திரும்ப வரும். இந்தச் சூட்டில் அது வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆகவே 1 மெகாவாட் மின்சாரத்துக்கு 10 மெகாவாட் வெப்பம் வேண்டும். அதற்கு வினாடிக்கு 48 கிலோ நீர் வேண்டும். சென்னைவாசிகளுக்குப் புரியும் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று நான்கு நிமிடத்தில் நிரம்பும் வேகம். நாளொன்றுக்குச் சுமார் 345 லாரி. மிகச் சிறிய நிலையமான 1 மெகாவாட்டுக்கே இவ்வளவு. இதில் குளிர்விப்பு விசிறிகள், சுழற்சிப் பம்பு, தேவைப்பட்டால் கிணற்றுப் பம்பு எல்லாமாக உற்பத்தியில் 15 முதல் 25 விழுக்காட்டைத் தின்றுவிடும். செய்தியில் வரும் மெகாவாட் இதைக் கழித்ததா கழிக்காததா என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

கிணற்றின் சூட்டை மட்டும் பார்ப்பதில் இன்னொரு பிசகும் உண்டு. மின்சாரம் தருவது சூடு அல்ல, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள இடைவெளி. அலாஸ்காவின் செனா (Chena) வெந்நீர் ஊற்றில் 2006 முதல் 74 டிகிரி நீரிலேயே மின்சாரம் எடுக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டித் தொழிலில் புழங்கும் ஆர்-134ஏ திரவத்தைக் கொண்டு ஓடும் 200 கிலோவாட் இயந்திரங்கள் அவை. "74 டிகிரியிலேயே முடிகிறதே, நம் ஊற்றுகளில் ஏன் முடியாது" என்று இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே குளிர்விக்கக் கிடைக்கும் நீர் சுமார் 5 டிகிரி என்பதை விட்டுவிடுகிறார்கள். 74-க்கும் 5-க்கும் இடையில் இயற்பியல் அனுமதிக்கும் உச்ச வரம்பு 20 விழுக்காடு. நடைமுறையில் 8 கிடைக்கிறது. அதே 74 டிகிரி நீரைத் தெலங்கானாவுக்குக் கொண்டுவந்து 35 டிகிரி குளிர்விப்பில் ஓட்டினால் உச்ச வரம்பே 11 விழுக்காடு. நடைமுறையில் 5-ஐத் தொடுவது கடினம். மணுகூரில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் அமைத்தது 20 கிலோவாட் சோதனை நிலையம் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். முயற்சி நல்லதே. ஆனால் காற்றால் குளிர்விக்கும் எந்த நிலையமும் மே மாதப் பிற்பகலில், ஊரே ஏ.சி. போடும் நேரத்தில்தான், மிகக் குறைவாகத் தரும். "24 மணி நேரமும் கிடைக்கும்" என்பது உண்மை; 24 மணி நேரமும் ஒரே அளவு என்பது உண்மையல்ல.

அடுத்தது துளை. திருச்செங்கோட்டு ரிக் காற்றுச் சுத்தியலால் ஆறரை அங்குலத் துளையை ஒரே நாளில் ஆயிரம் அடிக்கு இறக்கிவிடும். இதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புவிவெப்பக் கிணறு ஒன்றுக்குப் பல கோடி என்றால் நம்ப முடிவதில்லை. வேறுபாடு ஆழத்தில் மட்டும் இல்லை. நம் போர்வெல்லில் மேல்மண் சரியாமல் இருக்கும் வரைக்கும்தான் கேசிங் குழாய்; அதன் கீழ் வெறும் பாறை. புவிவெப்பக் கிணற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக 20 அங்குலம், பதின்மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல், ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல் என மூன்று எஃகுக் குழாய்கள் இறங்கும். அடியில் எட்டரை அங்குலத் துளையில் துளைகளிட்ட 7 அங்குலக் குழாய். மேல் மூன்றும் முழு நீளத்துக்கும், தரைமட்டம் வரை, சிமென்டால் பிடிக்கப்பட வேண்டும்.

ஏன் முழு நீளம்? 1000 மீட்டர் எஃகுக் குழாய் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 2.4 மீட்டர் நீளப் பார்க்கும். சிமென்ட் பிடித்திருந்தால்தான் அந்த விசை பாறைக்குப் போகும். இல்லையேல் கிணற்றுத் தலை மேலெழும்பும், அல்லது குழாய் நடுவில் வளையும். அதைவிடக் கெட்டது, இரண்டு குழாய்களுக்கு நடுவே சிமென்ட் போகாமல் ஒரு கை நீர் தங்கிவிடுவது. கிணறு சூடேறும்போது அந்த நீர் விரியும், போக வழியில்லை, உட்குழாயை நசுக்கிவிடும். கோடிக்கணக்கில் செலவழித்த கிணறு அத்துடன் முடிந்தது. சிமென்டுக்கும் ஒரு பத்தியம் உண்டு. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் 110 டிகிரிக்கு மேல் நாளாக ஆக வலுவிழந்து நீர் கசியத் தொடங்கும். அதனால் சிமென்டின் எடையில் 35 முதல் 40 விழுக்காடு சிலிக்கா மாவு கலப்பார்கள். துளை முடிந்த பிறகும் உடனே திறப்பதில்லை. வாரக்கணக்கில் மெல்லச் சூடேற விட்டு, அழுத்தமும் சூடும் அளந்து, பிறகே முதல் வெளியேற்றம்.

தண்ணீர் ரிக்கில் வெடிப்புத் தடுப்பு வால்வு கிடையாது. கொதிநிலைக்கு மேலிருக்கும் நீரைத் தொட்ட நொடியில் துளை முழுக்க ஆவியாகி மேலேறும்; அதை அடக்க வால்வு இல்லையென்றால் ரிக்கும் ஆளும் அங்கே இருக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வேறு. அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை கவலையில்லை என்று நினைப்பது ஆபத்து. 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு, அளவில் அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் உள்ளே இறங்குவான். காற்றைவிடக் கனமானதால் கிணற்றுத் தலையைச் சுற்றியுள்ள குழியில்தான் தேங்கும். வால்வு திருகக் குனிகிற இடம் அதுதான்.

எண்ணெய்க் கிணற்றுக்காரருக்குத் தலைவலியாக இருப்பது புவிவெப்பக்காரருக்குச் சில சமயம் கொண்டாட்டம். துளையிடும்போது உள்ளே சுழலவிடும் சேறு திரும்பி மேலே வராமல் பாறை விரிசலில் காணாமல் போவதைத்தான் சொல்கிறேன். மேற்பகுதியில் நடந்தால் சிமென்ட் நிற்காது, பெருந்தொல்லை. ஆனால் அடியில், உற்பத்திப் பகுதியில் நடந்தால் அங்கே திறந்த விரிசல் இருக்கிறது என்று பொருள். அந்த விரிசல் வழியாகத்தான் நீர் வரப்போகிறது. சூடான, விரிசலே இல்லாத பாறை வெறும் சூடான பாறைதான்.

இனி வேதியியல். செய்திகளில் வராத இந்த விஷயத்தில்தான் நிலையங்கள் அடிவாங்குகின்றன. 250 டிகிரிப் பாறையில் ஆண்டுக்கணக்கில் ஊறிய நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 485 மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருக்கும். அந்த நீரை மேலே கொண்டுவந்து, செப்பரேட்டர் எனப்படும் பிரிகலனில் 160 டிகிரியில், அதாவது சுமார் 6 பார் அழுத்தத்தில், கொதிக்க விட்டால் ஐந்தில் ஒரு பங்கு நீராவியாகி டர்பைனுக்குப் போகும். சிலிக்கா ஆவியோடு போகாது; மிஞ்சிய நீரில் செறிந்து 600 மில்லிகிராம் ஆகும். 160 டிகிரியில் சுமார் 680 வரை கரைந்திருக்கலாம் என்பதால் ஒன்றும் படியாது. "இன்னும் கொஞ்சம் ஆவி எடுக்கலாமே" என்று ஆசைப்பட்டு 100 டிகிரி வரை இறக்கினால் செறிவு 690-க்குப் போகும். அந்தச் சூட்டில் கரையக்கூடியதோ 360 மட்டுமே. மிச்சம் குழாயில் படியும். வீட்டு வென்னீர் அண்டாவில் படியும் உப்பைப் போலச் சுரண்டி எடுக்கக் கூடியதல்ல அது, கண்ணாடிபோல் இறுகும். சில மாதங்களில் குழாயின் உள்விட்டம் கண்ணெதிரே சுருங்கும். இதைவிடக் கொடுமை, அது குழாயில் படியாமல், சூட்டை எடுத்த நீரை நிலத்துக்குள் திருப்பி விடும் மறுசெலுத்துக் கிணற்றின் அடியில் பாறை விரிசலுக்குள் போய்ப் படிவது. அங்கே கையும் எட்டாது, கருவியும் எட்டாது.

இதிலிருந்து வரும் ஒரு விதி முதல் கேட்பில் தலைகீழாகத் தோன்றும்: கீழே சூடு கூடக் கூட, திருப்பி அனுப்பும் நீரையும் கூடுதல் சூடாகவே அனுப்ப வேண்டியிருக்கும். 160 டிகிரிக் களத்து நீரை, ஆவியாக்காமல், 40 டிகிரி வரை குளிர்வித்தாலும் சிலிக்கா பெரிதாகத் தொல்லை தராது. 200 டிகிரிக் களமென்றால் 75 டிகிரிக்குக் கீழே போனால் படியத் தொடங்கும். அமிலம் சேர்த்து நீரின் கார அமிலத்தன்மையை (pH) 5-ஐ ஒட்டி வைத்தால் படிவது தாமதப்படும்; ஆனால் அளவு தவறினால் எஃகு அரிக்கும். சிக்கனமும் பேராசையும் எதிரெதிராக நிற்கிற இடம் இது.

கால்சைட் எனப்படும் சுண்ணாம்புப் படிவின் கதை வேறு. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீர் கிணற்றுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும் ஆழத்தில் வாயு பிரியும். பிரிந்த அந்த இடத்திலேயே சுண்ணாம்பு படியும். கிணற்றின் உற்பத்தி மாதாமாதம் குறைந்துவந்தால் "சூடு தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டுமுன் அங்கே பார்க்க வேண்டும். கொதிக்கும் ஆழத்துக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, படிவுத் தடுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கமான வைத்தியம். குழாய் கொதிநிலை ஆழத்துக்கு மேலே நின்றுவிட்டால் மருந்து விடுவதும் விடாததும் ஒன்றே.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புவிவெப்பம் "புதுப்பிக்கத்தக்கது" என்று நாம் எழுதும்போது பாறையின் குணத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் அது நிலையத்தை ஓட்டுகிறவரின் குணம். பாறையில் சூடு ஏராளம். அதை மேலே கொண்டுவரும் நீர்தான் கொஞ்சம். நீரை எடுத்துக்கொண்டே இருந்து திருப்பித் தராவிட்டால் சூடு கீழேயே கிடக்கும், அழுத்தம் போய்விடும்.

கலிபோர்னியாவின் கீசர்ஸ் களத்தில் இதை உலகமே பார்த்தது. 1960-இல் 11 மெகாவாட்டில் தொடங்கி, 1980-களின் இறுதியில் நிறுவு திறன் 2,000 மெகாவாட்டைத் தாண்டியது. நீராவி மட்டுமே வரும் அரிய வகைக் களம் அது. டர்பைனில் ஓடிய ஆவியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரம் வழியாக வானத்துக்குப் போனது. அழுத்தம் விழுந்தது, உற்பத்தி சரிந்தது, புதிதாக நிறுவிய இயந்திரங்களுக்கே ஆவி இல்லை. மீட்டது எது தெரியுமா? சாக்கடை நீர். 1997 முதல் லேக் கவுண்டியிலிருந்தும், 2003 முதல் சாண்டா ரோசா நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டும், சுத்திகரித்த கழிவுநீரை மலைமேல் ஏற்றி நிலத்துக்குள் விடுகிறார்கள். சாண்டா ரோசா குழாயில் மட்டும் நாளுக்கு நான்கு கோடி லிட்டர் அளவு. குளிர்ந்த நீர் சூடான பாறையைத் தொடும்போது சிறு நிலநடுக்கங்கள் வருகின்றன. அந்த வட்டாரத்துக்கு அது பழகிப்போன தொல்லை.

நியூசிலாந்தின் வைராக்கேய் 1958 முதல் ஓடுகிறது. பல பத்தாண்டுகள் அங்கே கழிவு வெந்நீரை வைக்காட்டோ ஆற்றில் விட்டார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பீறிடும் ஊற்றுகள் அடங்கின. களத்தின் ஒரு பகுதியில் தரை சுமார் 15 மீட்டர் கீழிறங்கியது. ஐந்து மாடிக் கட்டட உயரம். நிலையம் இன்றும் ஓடுகிறது; ஊற்றுகள் திரும்பவில்லை.

"சரி, திருப்பி விட்டால் போச்சு" என்று சொல்லவும் முடியாது. எங்கே விடுவது என்பதுதான் வித்தை. உற்பத்திக் கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டால், குளிர்ந்த நீர் விரிசல் வழியாகக் குறுக்கே ஓடிவந்து உற்பத்திக் கிணற்றையே குளிர வைத்துவிடும். மிகத் தள்ளி விட்டால் அழுத்தம் ஏறாது. விட்டும் விடாத கதை. இதை ஊகிக்க முடியாது, சோதிக்கத்தான் வேண்டும். செலுத்துக் கிணற்றில் ஃப்ளோரசீன் போன்ற சாயத்தைக் கலந்து, உற்பத்திக் கிணறுகளில் நாள்தோறும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். சில நாளில் சாயம் தலைகாட்டினால் இரண்டுக்கும் நேர்வழி இருக்கிறது, இடம் மாற்று என்று பொருள். மாதக்கணக்கில் மெல்ல, பரவலாக வந்தால் நல்லது. திருப்பி விடும் நீரில் காற்று கலக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஆக்சிஜன் ஒரு துளி சேர்ந்தாலும் சூடான உப்புநீர் எஃகைத் தின்னும். திறந்த குளத்தில் தேக்கிப் பிறகு செலுத்துகிற மலிவு வழி அதனால்தான் பின்னால் விலை கேட்கிறது.

இவ்வளவும் பூகா பள்ளத்தாக்கை மனதில் வைத்தே எழுதுகிறேன். லடாக்கில் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூகாவின் ஊற்றுகள் 84 டிகிரியில் வருகின்றன. அந்த உயரத்தில் நீர் கொதிப்பதே 85-ஐ ஒட்டித்தான். அதாவது அவை கொதிநீர் ஊற்றுகள். 1970-களில் புவியியல் ஆய்வுத் துறை அங்கே 30-க்கு மேற்பட்ட துளைகளைப் போட்டது. எதுவும் 400 மீட்டரைத் தாண்டவில்லை. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி., லடாக் நிர்வாகம், லே மலை வளர்ச்சிக் கவுன்சில் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முதல் கட்டமாக 500 மீட்டர் வரை துளையிட்டு 1 மெகாவாட் நிலையம் அமைப்பது என்று திட்டம். இந்தியாவில் புவிவெப்ப மின்சாரத்துக்கு முதல் தகுதி பூகாவுக்குத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அங்கே கவனிக்க வேண்டியது வெண்காரம். நம் பொற்கொல்லர்கள் பற்றவைக்கும்போது தூவுகிற அதே வெண்காரம் பூகா தரையில் கந்தகத்தோடு வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. முற்காலத்தில் அதை அள்ளி வணிகம் செய்தார்கள். வெண்காரம் என்றால் போரான். பாசன நீரில் போரான் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொட்டாலே எலுமிச்சை, திராட்சை போன்ற பயிர்களின் இலை விளிம்பு கருகும். பூகா ஓடை சிந்து நதியில் கலக்கிறது. ஊற்றுகள் இயற்கையாகவே கொஞ்சம் போரானை ஓடையில் சேர்க்கின்றன. அத்துடன் நாள்தோறும் 345 லாரி நீரையும் சேர்க்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. பூகாவில் செலுத்துக் கிணறு பிற்சேர்க்கையாக இருக்க முடியாது. உற்பத்தி சோதனை தொடங்கும் முன்பே அது தயாராக நிற்க வேண்டும். ஏனென்றால் நீர் மிகுதியாக வெளியேறும் காலமே சோதனைக் காலம்தான்.

உயரமும் குளிரும் கைகொடுக்கும், கெடுக்கவும் செய்யும். குளிர்ந்த காற்று டர்பைனுக்கு நல்லது. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடு. குளிர்விப்பு விசிறிகளும் ரேடியேட்டர் பரப்பும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். மின்மோட்டார்களின் திறனையும் உயரத்துக்கேற்பக் குறைத்தே கணக்கிட வேண்டும். ஜனவரியில் நிலையம் சில மணி நேரம் நின்றால் குழாயில் இருக்கும் நீர் உறைந்து வெடிக்கும். ஆகவே எல்லாத் தாழ்விடங்களிலும் வடிகால் வால்வு, வெப்பக் காப்பு, வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே நிலையத்தை மீண்டும் கிளப்பும் ஏற்பாடு மூன்றும் வேண்டும். சமவெளி நிலையத்தின் வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் முதல் குளிர்காலமே பாடம் சொல்லிவிடும்.

பூகாவில் மின்சாரம்தான் பெரிய பரிசு என்று நினைப்பதும் சரியல்ல. மேலே சொன்ன வினாடிக்கு 48 கிலோ நீர், நிலையத்திலிருந்து 70 டிகிரியில் வெளியே வருகிறது. சிலிக்கா இடம் கொடுத்தால், அதைச் செலுத்துக் கிணற்றுக்கு அனுப்பும் முன் 40 டிகிரி வரை குளிர்வித்து வீடுகளையும் பள்ளிகளையும் பயிர்க் குடில்களையும் சூடாக்கலாம். அது 6 மெகாவாட் வெப்பம். டீசல் கணக்கில் மணிக்குச் சுமார் 600 லிட்டர், நாளுக்கு ஒரு டாங்கர் லாரிக்கு மேல். மலைப்பாதையில் மண்ணெண்ணெயும் டீசலும் ஏற்றிக் குளிர்காலத்தைக் கடத்தும் ஒரு வட்டாரத்துக்கு 1 மெகாவாட் மின்சாரத்தைவிட இதுதான் பெரிது. வெப்பத்தை நெடுந்தூரம் கொண்டுபோக முடியாது என்பது ஒன்றே தடை. பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏமாற்றமாக இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது. நம் தீபகற்பத்தின் பழம்பாறை உலகிலேயே குளிர்ந்த வகையைச் சேர்ந்தது. எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டாம்; தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வேலை செய்த கோலார் தங்கவயலே போதும். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான அந்தச் சுரங்கத்தின் அடிப்பாறை 65 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. வேலை செய்தவர்களுக்கு அது நரகம். டர்பைனுக்கு அது ஆறிய காபி. அதே விகிதத்தில் 200 டிகிரியை எட்ட வேண்டுமானால் 15 கிலோமீட்டர் துளைக்க வேண்டும். மனிதர் இதுவரை துளைத்த மிக ஆழமான செங்குத்துத் துளை, ரஷ்யாவின் கோலா துளை, 12.26 கிலோமீட்டர்.

காவிரிப் படுகையின் படிவுப் பாறையில் சூடு இதைவிட வேகமாக ஏறுகிறது. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளைப் புவிவெப்பத்துக்குப் பயன்படுத்தலாம் என்று புதிய கொள்கையும் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அத்தகைய கிணறு ஒன்று வினாடிக்கு 5 லிட்டர் வெந்நீர் தருவதாக வைத்துக்கொண்டாலும், 50 டிகிரி குளிர்வித்து, 7 விழுக்காடு திறனில், எழுபது கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். அதிலும் பம்புக்குப் போக மிச்சம்தான் நமக்கு. எண்ணெய்க்காகப் போட்ட குழாய் விட்டம் அவ்வளவுதான் அனுமதிக்கும். வருவது உப்புநீர். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்; பழைய குழாயில் ஒரு துருத்துளை இருந்தால் அந்த உப்புநீர் குடிநீர் அடுக்கில் கலக்கும். வெயில் நேரத்தில் எழுபது கிலோவாட்டை ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையில் போட்ட சூரியத் தகடே தந்துவிடும். (இலங்கையில் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் மின்சாரம் எடுக்கலாமே என்பவர்களுக்கும் இதே பதில். நாற்பது டிகிரியை ஒட்டிய நீர் அது, நீராடுவதற்கு ஏற்றது.)

விரிசல் இல்லாத சூடான பாறையில் நீரை அழுத்தி விரிசலை உண்டாக்கும் முறையைப் பற்றிய செய்திகள் இப்போது உற்சாகமாக வருகின்றன. 2023-இல் நெவாடாவில் கிடைமட்டக் கிணறுகள் இரண்டைக் கொண்டு நடந்த சோதனையில் 3.5 மெகாவாட்டுக்குப் போதிய ஓட்டம் கிடைத்தது, உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006-இல் இம்முறை 3.4 அளவு நடுக்கத்தைக் கொண்டுவந்து திட்டம் நின்றது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017-இல் 5.5 அளவு நடுக்கம் வந்ததும், அரசு அமைத்த ஆய்வுக் குழு நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று கண்டதும் பதிவில் உள்ளன. இமயமலையில் பிளவுக் கோடுகளின் மேல் நின்றுகொண்டு இதைப் பேசும்போது நிலநடுக்க அளவி வலைப்பின்னல் முதலில் வர வேண்டும், பம்பு பிறகு.

நம் ஊருக்குப் பொருந்தக் கூடிய ஒன்று உண்டு. அது மின் உற்பத்தி அல்ல, குளிரூட்டல். 100 மீட்டர் துளையில் பாலிஎத்திலீன் குழாயை யு வடிவில் இறக்கி, ஏ.சி. வெளியேற்றும் சூட்டைத் தரைக்குள் விடுவது. வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும்போது தரை 30-ஐ ஒட்டி இருக்கும்; கம்ப்ரெஸருக்கு அந்தப் பத்து டிகிரி பெரிய உபகாரம். துளையின் ஒரு மீட்டருக்குச் சுமார் 50 வாட் என்ற தோராயத்தில், ஒரு டன் ஏ.சி.க்கு 90 மீட்டர் துளை வேண்டும். ஆனால் ஐரோப்பியக் கையேட்டை வைத்து இதை வடிவமைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் திணறும். அங்கே கோடையில் தரைக்குள் விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நாம் பன்னிரண்டு மாதமும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருப்போம்; தரை 30-லிருந்து 35, 38 என்று ஏறும். துளைகளை 6 மீட்டருக்குக் குறையாமல் தள்ளித் தள்ளிப் போடுவது, இரவில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றை உடன் ஓட்டித் தரையை ஆறவிடுவது ஆகிய இரண்டும் இல்லாமல் இதற்கு மானியம் கொடுப்பது வீண். இங்கேயும் கேள்வி அதேதான், எடுத்தது எங்கே போகிறது என்பது. நீருக்குப் பதில் சூடு, அவ்வளவுதான்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புவிவெப்பச் செய்தி வரும்போது மெகாவாட்டோடு நிறுத்தாமல், தன் தேவை போக நிகர மின்சாரம் எவ்வளவு, வினாடிக்கு எத்தனை லிட்டர், நிலையத்துக்குள் போகும் சூடும் வெளியே வரும் சூடும் எவ்வளவு, ஓட்டச் சோதனை எத்தனை நாள் நடந்தது என்று கேட்டு வெளியிடுங்கள். ஓட்டச் சோதனை ஒரு வாரம் என்றால் அது தொடக்க உற்சாகத்தை மட்டுமே காட்டும். அழுத்தம் எங்கே போய் நிற்கிறது என்று தெரிய மாதங்கள் வேண்டும். முடிந்தால் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தையே எடுத்துப் பாருங்கள். உற்பத்திக் கிணறுகளின் எண்ணிக்கை முதல் பக்கத்தில் இருக்கும். செலுத்துக் கிணற்றின் இடம், ஆழம், தொகை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது "இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலைப்பு வையுங்கள்.

இப்படிக்கு,
துளையிடல் பொறியாளர் ஒருவர்,
நெய்வேலி